சிற்பியின் கல்லச்சு

சிற்பியர் இயற்றும் அச்சோவியங்களைச் சிற்பத்தின் நிழலென ஒதுக்குவாருளர். மினிமலிசத்திற்குப் பிந்திய தலைமுறையினரான அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா (1938–2024) 1972-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஜெமினி அச்சுக்கூடத்தில் ஆக்கிய '183-ஆம் தெருவும் வெப்ஸ்டர் அவென்யூவும்' என்னும் கல்லச்சோவியத்திற்கு அக்கூற்றுப் பொருந்தாது.

1970-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், அத்தெருமுனையருகே, 26 அடி விட்டமுள்ள எஃகு வளையமொன்றை அவர் சாலையிற் பதித்தார். அது நிமிர்ந்து நிற்கவில்லை. சாலையோடு சாலையாய்க் கிடந்தது. சிற்பமெனின் உயர்ந்து நிற்றல் வேண்டுமென்பார் யாது சொல்வர்?

அச்சுக்கலையிலும் இந்நிலை உண்டு. மரச்செதுக்கச்சில் மேடுண்டு, செப்புத்தகட்டச்சில் பள்ளமுண்டு, கல்லச்சிலோ இரண்டுமில்லை. நெய்ப்பும் நீரும் ஒன்றையொன்று விலக்குதலே அதன் நுட்பம். ஆகலின் நிலத்தோடு ஒன்றிய வளையத்திற்குக் கல்லச்சு மிகப் பொருத்தமான ஊடகமே. வளையத்தின் ஒரு பாதி 1 அங்குல அகலமும் மறுபாதி 8 அங்குல அகலமும் உடையது. மிதித்து நடப்பவன் காலறியும் அவ்வேறுபாட்டைத் தாள் தாராது என்பது மெய்யே.

பெயரும் நோக்கத்தக்கது. சிற்பத்தின் நெடும்பெயர் வளைத்தற்செயலைக் கூறும், இடத்தைக் கூறாது. அச்சோ இடத்தையே பெயராக்கிக்கொண்டது. வளையம் பின்னர் அத்தெருவினின்று பெயர்த்தெடுக்கப்பட்டது.