கண்டி நடனமும் நாதஸ்வரமும் மோதிக்கொண்ட வளாகம்

2016 ஜூலை 16ஆம் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புதுமுக மாணவர் வரவேற்பு. வழக்கமான மேளம், நாதஸ்வரத்தோடு கண்டி நடனமும் இடம்பெற வேண்டும் என்றனர் சிங்கள மாணவர்கள். தமிழ் மாணவர்கள் மறுத்தனர். வாக்குவாதம் கைகலப்பானது. பலர் காயமடைந்தனர், பல்கலைக்கழகம் தற்காலிகமாக மூடப்பட்டது.

நாங்களும் இந்த வளாகத்துக்கு உரியவர்கள் என்று ஒரு தரப்பு சொல்ல முயன்றது. 2009இல் போர் முடிந்த பிறகும் இராணுவ முகாம்களுக்கு நடுவே வாழ்ந்த மறுதரப்பு, எஞ்சிய முற்றமும் கைவிட்டுப் போகிறதோ என்று அஞ்சியது. கைகலப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த ஆசையும் இந்த அச்சமும் நியாயமானவை.

பல்கலைக்கழகங்களின் கலாசார விழாக்களுக்கு ஒரு வாய்பாடு உண்டு. ஒரு பரதநாட்டியம், ஒரு கண்டி நடனம், முஸ்லிம்களின் களிகம்பு ஒன்று. ஆளுக்குப் பத்து நிமிடம். இதனால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். அதுவரை பார்த்திராத கலையை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பது அங்கேதான். ஆனால் ஒத்திகை தனித்தனி அறைகளில் நடக்கிறது. கைதட்டலும் அவரவர் ஆட்களுக்கே விழுகிறது. கலை கொடியாகிவிட்டால், எது முதலில், எது கடைசியில் என்பதே சண்டைக்குப் போதும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு வேறு. 1956இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' என்ற சிங்கள நாடகத்தை உருவாக்கியபோது கையில் எடுத்தது, தமிழ்க் கூத்தோடு வேர்த்தொடர்புள்ள 'நாடகம' என்ற சிங்கள அரங்க மரபை. அதன் வெற்றியைப் பார்த்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தின் பக்கம் திரும்பினார். அறுபதுகளில் கூத்து ஆசானான அண்ணாவியாரிடம் ஆட்டம் பழகிய மாணவர்கள் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றினர். வட்டக்களரியில் விடிய விடிய ஆடியது ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கியது. அதில் இழப்பும் உண்டு. என்றாலும் ஒரு மொழியின் அரங்கு இன்னொன்றைத் தன் வேரைத் தேட வைத்தது. பத்து நிமிட மேடையில் இது நடக்காது. ஆனாலும் அந்தப் பேராதனையில்கூட இரு மொழி மாணவரும் சேர்ந்து ஒரே நாடகம் செய்வது வழக்கமாகவில்லை.

இந்த இடத்தில் திரைப்படத்தின் மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' என்ற சிங்களப் படத்தில், இராணுவத்தில் இருந்த மகனின் உடல் என்று முத்திரையிட்ட சவப்பெட்டி வருகிறது. அவன் இறந்துவிட்டான் என்பதைப் பார்வையற்ற தந்தை நம்ப மறுக்கிறார். இறுதியில் பெட்டியைத் தோண்டித் திறக்கிறார்கள். உள்ளே வாழைத் தண்டும் கல்லும். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வாழும் ஊரில் அந்தக் காட்சியை விளக்க யாரும் தேவையில்லை. மேடைக்கு ஒரு சமூகத்தின் பெருமை வருகிறது. இந்தப் படத்தில் அதன் துக்கம் வருகிறது.

இதிலும் பெரிய குறை ஒன்று இருக்கிறது. சிங்களப் படங்கள் பலவற்றுக்கு ஆங்கில உபதலைப்பே கிடைக்கிறது. கிராமத்துப் பாடசாலையிலிருந்து வந்த மாணவி அதை வாசித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். படம் முடிந்தபின் நடக்கும் உரையாடலும் ஆங்கிலத்திலேயே போனால் அவள் வாய் திறக்கமாட்டாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்பே ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. சிங்களப் படங்களுக்குத் தமிழிலும், தமிழ்ப் படங்களுக்குச் சிங்களத்திலும் உபதலைப்பு எழுதும் வேலையை இரு மொழி மாணவரிடமும் சேர்த்து ஒப்படைக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டே ஆகவேண்டும்.