வால் நறுக்கிய கீபோர்டு

யுஎஸ்பி கம்பி வழியே கணினியோடு பேசும் கீபோர்டை, இடையில் ஒரு ராஸ்பெர்ரி பை ஜீரோவை உட்காரவைத்துப் புளூடூத் கீபோர்டாக மாற்றிவிடலாம். கீபோர்டைத் திறக்க வேண்டியதில்லை, சால்டரிங்கும் தேவையில்லை. கீபோர்டு வழக்கம்போலக் கம்பியில் அனுப்புவதை அந்தச் சிறு பலகை வாங்கிக்கொள்கிறது. பிறகு தானே ஒரு புளூடூத் கீபோர்டு என்று வேடம் கட்டி, லேப்டாப்புக்கோ டேப்லெட்டுக்கோ கடத்திவிடுகிறது.

வயர்லெஸ் கீபோர்டு கடையிலேயே கிடைக்கும்போது இந்தச் சுற்றுவழி கைக்குப் பழகிய பழைய கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஐபிஎம் 1985 முதல் தயாரித்த மாடல் எம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சுருள்வில் இருக்கும். அது மடங்கும்போது வரும் ‘டக்’ சத்தத்துக்கும் விரலில் படும் உதைப்புக்கும் பழகியவர்கள் வேறு கீபோர்டுக்கு எளிதில் போகமாட்டார்கள். ஆனால் பழைய மாடல் எம் பலவற்றில் இருப்பது வட்டமான பிஎஸ்/2 முனை. பிஎஸ்/2, யுஎஸ்பி முனைகளை வெறுமனே இணைக்கும் மலிவான அடாப்டர் இங்கே உதவாது. உள்ளே சிப் வைத்து, பிஎஸ்/2 சமிக்ஞையை யுஎஸ்பியாக மாற்றித்தரும் கன்வர்ட்டர்தான் வேண்டும்.

பலகையில் இரண்டு தேர்வுகள் உண்டு. 2017 பிப்ரவரியில் 10 டாலர் விலையில் வந்த ஜீரோ டபிள்யூவில் 1 கிகாஹெர்ட்ஸ் ஒற்றை மையச் செயலியும் 512 எம்பி நினைவகமும் இருக்கின்றன. 2021 அக்டோபரில் 15 டாலருக்கு வந்த ஜீரோ 2 டபிள்யூ நான்கு மையங்கள் கொண்டது. இரண்டுமே 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். தீப்பெட்டியைவிடச் சற்று நீளம், அவ்வளவுதான். எவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்தாலும் நொடிக்குச் சில பத்து நிகழ்வுகளுக்கு மேல் போகாது, ஆகவே இந்த வேலைக்குப் பழைய ஜீரோ டபிள்யூவே ஏராளம். புதியதை வாங்க ஒரே காரணம், அது சீக்கிரம் பூட் ஆகும் என்பதுதான்.

இணைப்பு எளிது என்றாலும் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பலகையின் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு மைக்ரோ யுஎஸ்பி வாய்கள் இருக்கும். மூலையை ஒட்டியிருப்பதில் மின்சாரம் மட்டுமே போகும், தரவு போகாது. ஓடிஜி கேபிள் போட்டுக் கீபோர்டைச் செருக வேண்டியது நடுப்பக்கம் இருக்கும் வாயில். மாற்றிச் செருகினால் எதுவும் கருகாது. ஆனால் பலகையின் கண்ணுக்குக் கீபோர்டே தெரியாது.

மென்பொருள் பக்கம்தான் உண்மையான வேலை. லினக்ஸில் புளூடூத்தைக் கவனிப்பது புளூஇசட். அதன் இயல்பான எண்ணம், வேறு கீபோர்டுகள் தன்னிடம் வந்து சேரும் என்பது. கீபோர்டு இணைப்புக்கான 17, 19 எண் வாசல்களை அதன் ‘இன்புட்’ செருகுநிரல் முன்கூட்டியே பிடித்துவைத்துக்கொள்கிறது. இங்கே பலகையே கீபோர்டாக நடிக்க வேண்டியிருப்பதால், அந்தச் செருகுநிரலை அணைத்துவிட்டுப் புளூஇசட்டைத் துவக்க வேண்டும். இதைச் செய்யாமல் கீபோர்டாக நடிக்கும் நிரலை ஓட்டினால், வாசல் ஏற்கெனவே யாரிடமோ இருக்கிறது என்ற பிழைச்செய்திதான் மிஞ்சும். வாசல்கள் கிடைத்த பிறகு, ‘நான் ஒரு கீபோர்டு’ என்று அக்கம்பக்கத்துக் கருவிகளுக்குச் சொல்லும் சேவைக் குறிப்பு ஒன்றைப் பதிவு செய்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதி, மொழிபெயர்ப்பு வேலை. லினக்ஸ் விசைகளுக்குக் கொடுத்திருக்கும் எண்கள் பழைய பிசி கீபோர்டின் வரிசையைப் பின்பற்றியவை: ஏ விசைக்கு 30, அதன் வலப்பக்கத்து எஸ்ஸுக்கு 31, டிக்கு 32. யுஎஸ்பி, புளூடூத் கீபோர்டுகளின் பொது மொழியிலோ எண்கள் அகரவரிசையில் போகின்றன: ஏவுக்கு 4, பிக்கு 5, சிக்கு 6. ஆகவே 30 வந்தால் 4 என்று மாற்றித்தர ஓர் அட்டவணை வேண்டும். பெரிய எழுத்து ஏ அடிக்கும்போது பலகை அனுப்பும் பொட்டலம் 10 பைட் கொண்டது: 161, 1, 2, 0, 4, பிறகு ஐந்து பூஜ்யங்கள். முதல் இரண்டும் தலைப்பு. மூன்றாவதாக வரும் 2, இடப்பக்கத்து ஷிஃப்ட் அழுந்தியிருப்பதைச் சொல்கிறது. கடைசி ஆறு இடங்கள் ஒரே நேரத்தில் அழுந்தியிருக்கும் ஆறு விசைகள் வரைக்கும். விரலை எடுத்ததும் 161, 1 என்ற தலைப்போடு எட்டுப் பூஜ்யங்கள் போக வேண்டும். அந்தப் பொட்டலத்தை அனுப்ப நிரல் மறந்தால் எதிர்ப்பக்கக் கணினி விசை இன்னும் அழுந்தியிருப்பதாகவே நினைத்து, திரை முழுக்க ‘ஏ’யாக நிரப்பிவிடும்.

இன்னொரு பொறி, கீபோர்டைத் தனக்கு மட்டும் என்று நிரல் பிடித்துக்கொள்ளாமல் விடுவது. அப்படி விட்டால், லேப்டாப்புக்கு அடிப்பதெல்லாம் பலகையின் சொந்த முனையத்துக்கும் போகும். திரை இல்லாததால் அது கண்ணில் படாது. லேப்டாப்புக்காகக் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் பலகையே ரீபூட் ஆகி, இணைப்பு அறுந்த பிறகுதான் விஷயம் புரியும்.

இத்தனையும் சரியாக அமைந்துவிட்டால், எழுதும்போது கம்பி போனது தெரிவதே இல்லை. தாமதம் மில்லிசெகண்டு கணக்கில்தான். கட்டுரைக்கும் மின்னஞ்சலுக்கும் அது பொருட்டல்ல, வேகமான விளையாட்டுகளுக்குக் கம்பியே நல்லது. தமிழில் எழுதுபவர்களுக்கும் குறையில்லை. பலகை அனுப்புவது எந்த விசை என்ற எண்ணை மட்டுமே. அதை எந்த எழுத்தாக மாற்றுவது என்பது கணினியின் பாடு. கணினியில் தமிழ்99 விசை அமைப்பை வைத்திருந்தால் அது அப்படியே இயங்கும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் மட்டும் தனி வகைப் பொட்டலம் கேட்பவை, எளிய நிரல்கள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. கேப்ஸ் லாக் விளக்கும் அப்படித்தான்: எரியவேண்டும் என்று கணினி திருப்பிச் சொல்வதைக் கீபோர்டுக்கு எடுத்துச்செல்ல ஆள் வேண்டும்.

குறை முழுக்க மின்சாரத்தில் இருக்கிறது. கடையில் வாங்கும் வயர்லெஸ் கீபோர்டு இரண்டு சிறு பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும், ஏனென்றால் யாரும் தட்டாதபோது அது தூங்கிவிடும். இந்தப் பலகையோ முழுக் கணினி. அதற்குத் தூங்கத் தெரியாது. 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் இருப்பது ஏறத்தாழ 37 வாட்‌மணி. கீபோர்டும் பலகையும் சேர்ந்து ஒரு வாட் இழுத்தால், மாற்றத்தில் வீணாவது போக, 30 மணி நேரத்தை ஒட்டி வரும். வண்ண விளக்கு போட்ட கீபோர்டென்றால் அதுவும் கிடைக்காது. வைஃபையை அணைத்துவைப்பது சிக்கனத்துக்கும் நல்லது, புளூடூத்துக்கும் நல்லது. இரண்டும் ஒரே ஆன்டெனாவைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. சில பவர் பேங்குகள் குறைவான மின்னோட்டத்தைப் பார்த்ததும் எதுவும் செருகவில்லை என்று முடிவுகட்டித் தாமே அணைந்துவிடும், வாங்குமுன் இதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆக, வால் போய்விடவில்லை. கணினிவரை நீண்டிருந்தது, இப்போது பவர் பேங்கோடு நிற்கிறது.

சட்டென்று மின்சாரத்தைப் பிடுங்குவது மெமரி கார்டில் உள்ள கோப்புகளைக் கெடுக்கக்கூடும். ராஸ்பெர்ரி பையின் அமைப்புக் கருவியில், கார்டில் எதையும் எழுதாமல் நினைவகத்தில் மட்டும் எழுதும் முறை ஒன்று உண்டு. கணினியை இணைத்து முடித்த பிறகு அதை இயக்கிவிட்டால் இந்தக் கவலை தீரும். முன்பே இயக்கினால், பலகை ஒவ்வொரு முறை எழும்போதும் இணைப்பை மறந்திருக்கும்.

பாதுகாப்பில் ஒரு சோம்பல் பரவலாக இருக்கிறது. புளூடூத் கீபோர்டை இணைக்கும்போது கணினி ஆறு இலக்க எண் காட்டி, அதைக் கீபோர்டில் அடிக்கச் சொல்லும். பல நிரல்கள் இந்தத் தொல்லை வேண்டாமென்று, தம்மிடம் விசையும் இல்லை திரையும் இல்லை என்று பொய் சொல்லி எண்ணே கேட்காமல் இணைந்துவிடுகின்றன. குறியாக்கம் அப்போதும் இருக்கும். ஆனால் மறுமுனையில் இருப்பது யார் என்ற உறுதி இருக்காது. கடவுச்சொல் போகும் பாதையில் இந்தக் குறுக்குவழி கூடாது.

இதே வேலையை இஎஸ்பி32-எஸ்3 போன்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையும் செய்யும். யுஎஸ்பி கீபோர்டை ஏற்கும் வசதியும் குறைமின் புளூடூத்தும் அதில் இருக்கின்றன. ஸ்விட்சைப் போட்ட கணத்தில் எழுந்துவிடும், மெமரி கார்டு கெடும் பேச்சே இல்லை. அன்றாடப் புழக்கத்துக்கு அதுவே மேல். ராஸ்பெர்ரி பைக்குச் சாதகம், பைதானில் எழுதிய நிரலை எந்த நேரமும் உள்ளே போய்த் திருத்தலாம் என்பது: கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக்க அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், ஒரு விசைச் சேர்க்கையில் லேப்டாப்பிலிருந்து டேப்லெட்டுக்குத் தாவச் சில வரிகள் சேர்த்தால் போதும். இரண்டில் எதை வைத்தாலும் கணினியின் பயாஸ் திரை பெரும்பாலும் புளூடூத் கீபோர்டை அறியாது. அங்கே நுழைய வேண்டிய நாளில் பலகையைக் கழற்றிவிட்டுக் கம்பியை நேராகச் செருக வேண்டியதுதான்.