ஐந்து கட்டைக்காரியும் மெஸ்ஸோவும்

காத்தோங்கில் சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயிலிலிருந்து திருக்குடும்ப மாதாகோயிலுக்கு நடந்தே போய்விடலாம். ஒரு பக்கம் தேவாரம், மறுபக்கம் கொயர். சனிக்கிழமை வர்ணமும் மறுநாள் வாய்ஸ் வகுப்புமாக வளரும் பெண்கள் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அவர்களில் கனத்த குரல் உள்ளவளை மேற்கத்திய ஆசிரியர் 'மெஸ்ஸோ-சொப்ரானோ' என்று பிரிப்பார். வீட்டில் உடனே முகம் சுருங்கும்: "அப்போ சொப்ரானோ இல்லையா?"

சுருங்க வேண்டியதில்லை. ஓபராவில் நாயகி பட்டம் பெரும்பாலும் உச்சக் குரலான சொப்ரானோவுக்குத்தான். மெஸ்ஸோவுக்குத் தாய், தோழி, போட்டிக்காரி, ஆண்பிள்ளை வேடம். ஆனால் 1875இல் பாரிஸில் மேடையேறிய 'கார்மென்' முழுக்க அவள் ராஜ்ஜியம். வெர்டியின் அஸுசேனாவையும் அம்னெரிஸையும் எடுத்துவிட்டால் அந்த ஓபராக்களில் பாதி உயிர் போய்விடும். குரலும் நின்று பேசும்: கிறிஸ்டா லுட்விக் உலகப் போர் முடிந்த கையோடு மேடையேறி 1994 வரை பாடினார்.

பாணிகள் பல. இத்தாலிய வழியின் பெரிய குரு மானுவேல் கார்சியா. 1854இல் கண்ணாடி வைத்துத் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தவர். அவர் தங்கை பாலின் வியார்தோ. வியார்தோவின் குரலுக்காகவே 1859இல் பெர்லியோஸ், க்ளுக்கின் 'ஓர்ஃபே'யைத் திருத்தி அமைத்தார். ஜெர்மானிய நாடக அரங்குகள் குரலை வகை பிரித்து, வகைக்கேற்ற வேடம் தரும். எலேனா ஒப்ராஸ்த்சோவா பாடிய ரஷ்ய வழிக்கு இருண்ட, அடர்ந்த நாதம். ஆங்கிலேயர் வழி தேவாலயத்திலிருந்தும் ஓரட்டோரியோவிலிருந்தும் வந்தது. ஜேனட் பேக்கரைக் கேட்டால் புரியும். சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இந்தக் கடைசி வழிதான், கிரேடு பரீட்சைகளோடு. கிரேடு எட்டு தேறியதால் குரல் முதிர்ந்துவிட்டது என்று யாரும் நம்ப வேண்டாம்.

உண்மையான உரைகல் வேறு இடத்தில் இருக்கிறது. ஐந்து கட்டையில் பாடும் நம் பெண்ணுக்கு ஆதார ஷட்ஜம், பியானோவின் நடு 'சி'க்குக் கீழே உள்ள 'ஜி'. மந்திர பஞ்சமம் அதற்கும் கீழே. மெஸ்ஸோக்களே தொடத் தயங்கும் ஆழம் அது. சிக்கல் மேலே. சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம் வரும் இடத்தில் மேற்கத்திய ஆசிரியர் நெஞ்சுக் குரலைத் தளர்த்தித் தலைக் குரலைக் கலக்கச் சொல்வார். நாமோ அதே நெஞ்சுக் குரலில் தார ஷட்ஜம் வரை ஏறி, அங்கே நின்று காட்டுவதைத்தான் கெட்டிக்காரத்தனம் என்போம். இரண்டையும் கற்கும் பெண்ணுக்குக் குரல் உடைவது அந்த இரண்டு சுரங்களுக்குள்தான். ஒட்டுத் தெரியாமல் அதைக் கடப்பவளே தேர்ந்த மெஸ்ஸோ.

இந்த இரண்டு பயிற்சியும் பகையல்ல என்பதற்குக் கர்நாடக இசைப் பாடகி அருணா சாயிராம் இருக்கிறார். வீணை தனம்மாளின் பேத்தி டி.பிருந்தாவிடம் பதங்களும் கிருதிகளும் பாடம் செய்தவர், பிறகு ஜெர்மனியில் யூஜீன் ராபினிடம் குரலைப் பயின்றார். பாணி பிருந்தாவுடையதாகவே இருந்தது, குரல் திறந்தது.

சிங்கப்பூரில் மெஸ்ஸோவாகப் பாடும் தொழிலுக்கு மேடை உண்டு, ஆனால் குறைவு. 1979இல் தொடங்கிய சிங்கப்பூர் சிம்பனி இசைக்குழுவோடு 'மெசையா'வின் ஆல்டோ பகுதி, பேத்தோவனின் ஒன்பதாவது, எப்போதாவது ஓர் ஓபரா. ரெபெக்கா செல்லப்பா போன்ற மெஸ்ஸோக்களின் பெயரை நிகழ்ச்சி நிரலில் பார்க்கும்போது மனம் நிறைகிறது. மற்றபடி பாடகர் பலருக்கும் சோறு போடுவது சொல்லிக்கொடுப்பதுதான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: போட்டிக்காகப் பிள்ளையின் கட்டையை ஏற்றாதீர்கள். சொப்ரானோவா மெஸ்ஸோவா என்பதையும் பதினான்கு வயதில் தீர்மானிக்கச் சொல்லி ஆசிரியரை நெருக்காதீர்கள்.