மகாவம்சத்தின் பதினோர் அத்தியாயங்கள்: எல்லாளன் – துட்டகைமுனு போர் பற்றிய ஒரு பிழைவிளக்கம்

இலங்கை வரலாறு பற்றி மக்களிடையே வேரூன்றியுள்ள பிழையான எண்ணங்களுள், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எல்லாளனுக்கும் துட்டகைமுனுவுக்கும் நிகழ்ந்த போர் தமிழினத்துக்கும் சிங்கள இனத்துக்குமிடையே நடந்த இனப்போர் என்பது தலையாயதாகும். இவ்வெண்ணம் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. இலங்கைத் தரைப்படையின் ஒரு படைப்பிரிவு 1962 முதல் கைமுனுவின் பெயரைத் தாங்கி வருகின்றது. 2007 ஒக்டோபரில் அநுராதபுர விமானப்படைத் தளத்தின்மீது விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலுக்கு எல்லாளன் பெயர் சூட்டப்பட்டது. களத்திலே ஒருவரையொருவர் எதிர்த்து நின்றவர்கள் கடந்த காலத்தைப் பற்றி ஒரே விளக்கத்தையே கொண்டிருந்தனர். அவ்விளக்கத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் நூல் மகாவம்சம். அதனை ஒரு காவியமாகக் கொண்டு, அது எதனைக் கூறுகின்றது, எவ்வளவு கூறுகின்றது, யார் நலன் கருதிக் கூறுகின்றது என்பவற்றை நாம் நோக்குதல் வேண்டும்.

அளவையே முதலில் எடுத்துக்கொள்வோம். மகாவம்சத்துக்கு முற்பட்ட தீபவம்சம் சில செய்யுள்களிற் சொல்லி முடிக்கும் செய்தியை, மகாவம்சம் 22ஆம் அத்தியாயம் முதல் 32ஆம் அத்தியாயம் வரை பதினோர் அத்தியாயங்களில் விரிக்கின்றது. இப்பெருக்கத்தைக் கண்டவுடன் போரைப் பற்றிய காவியம் இது என்று முடிவு செய்துவிடுகின்றோம். ஆனால் அத்தியாயங்களைப் பிரித்து நோக்கினால் வேறொன்று புலனாகின்றது. எல்லாளனுடனும் ஏனைய தமிழ் அரசருடனும் நிகழ்ந்த போர் 25ஆம் அத்தியாயம் ஒன்றிலேயே அடங்கிவிடுகின்றது. அதற்கு முந்திய அத்தியாயம் துட்டகைமுனு தன் சொந்தத் தம்பி சத்தாதீசனுடன் புரிந்த போரைக் கூறுவது. 26ஆம் அத்தியாயம் தொடக்கம் மன்னனது மரணம் வரையுள்ள ஏழு அத்தியாயங்களும் மரிச்சவட்டி விகாரை, லோகப்பிரசாதம், மகாதூபி ஆகியவற்றின் கட்டுமானம் பற்றியன. செங்கல், கல், பொன், முத்து என்பவை எங்கிருந்து வந்தன, தாது எவ்வாறு கொணரப்பட்டது, விழாவுக்கு எத்தனை பிக்குகள் கூடினர் என்பவற்றைப் புலவர் சலிக்காது பாடுகின்றார். காவியத்தின் நாயகன் யார் என்று கேட்டால், மன்னனைவிட மகாதூபியையே சுட்டத் தோன்றுகின்றது.

இதன் காரணத்தை நூல் தோன்றிய சூழலிலே தேடுதல் வேண்டும். மகாநாம தேரர் 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 6ஆம் நூற்றாண்டிலோ பாடிய இந்நூல் மகாசேன மன்னனுடன் முடிவடைகின்றது. அம்மன்னன் மகாவிகாரையைப் புறக்கணித்து அபயகிரியை ஆதரித்தவன். அவன் காலத்தில் மகாவிகாரை ஒன்பது ஆண்டுகள் பிக்குகளின்றி வெறுமையாய்க் கிடந்ததென்றும், லோகப்பிரசாதம் இடிக்கப்பட்டு அதன் பொருள்கள் அபயகிரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்றும் மகாவம்சமே முறையிடுகின்றது. துட்டகைமுனு கட்டியதாக ஓர் அத்தியாயம் முழுவதும் போற்றப்படும் அதே லோகப்பிரசாதந்தான் இது. ஆகவே மகாவிகாரைப் பிக்குவான புலவருக்குத் துட்டகைமுனு ஓர் இனத்தின் வீரனாகத் தேவைப்படவில்லை; மகாவிகாரையின் நிலத்துக்கும் கட்டடங்களுக்கும் அரச ஆதரவுக்கும் உரிமைச் சான்றாகவே அவன் தேவைப்பட்டான். எல்லாளன் சேதப்படுத்திய தூபியின் பதினைந்து கற்களைத் திருத்த அவன் பதினையாயிரம் பணம் செலவிட்டான் என்று சொல்லிப் பாராட்டும் புலவர், பௌத்தனான மகாசேனனிடம் அத்தனை கனிவு காட்டவில்லை.

எதிர்வாதத்துக்கு இடமளிக்கும் பகுதிகள் நூலில் இல்லாமலில்லை. ஒரு புறம் தமிழர், மறுபுறம் கடல் எனக் கூறிச் சிறுவன் கைமுனு உடலைக் குறுக்கிப் படுத்த காட்சி யாவரும் அறிந்தது. அதனினும் கொடியது, போரின் பின் மனம் வருந்திய மன்னனிடம் பியங்குதீவிலிருந்து வந்த அரகந்தர் எண்மர் கூறிய ஆறுதல். கொல்லப்பட்டோரில் ஒன்றரை மனிதரே மனிதர். முச்சரணம் ஏற்றவன் ஒருவன், பஞ்சசீலமும் ஏற்றவன் மற்றொருவன். ஏனையோர் விலங்கை ஒப்பர் என்பதே அதன் சாரம். இப்பகுதியை நாம் மழுப்புதல் ஆகாது. பிற்காலத்தில் எத்தனையோ கைகளுக்கு இது நியாயம் வழங்கியுள்ளது. எனினும் இங்கு மனிதரைப் பிரிக்கும் கோடு மொழியோ இரத்தமோ அன்று. மகாவிகாரை வரையறுத்த சமயமே. கொலையை நியாயப்படுத்தும் கருத்துநிலை இது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நிலமானியச் சமுதாயத்தின் சமய நிறுவனத்துக்குரிய கருத்துநிலை. நவீன இனவாதம் வேறு வரலாற்றுக் கட்டத்தின் விளைவு.

அக்காலத்து அரசியலமைப்பும் இனப்போர் என்ற கருத்துக்கு இடந்தரவில்லை. துட்டகைமுனு வென்ற தமிழ் அரசர் முப்பத்திருவர் என மகாவம்சம் கூறுகின்றது. அவ்வாறாயின் வடக்கே ஒரே தமிழரசு இருந்ததெனல் பொருந்தாது. அவனது பெருவீரருள் ஒருவனான நந்திமித்திரனோ எல்லாளனின் சேனாபதி மித்தனுடைய மருமகன். தெற்கிலும் இதே நிலைதான். களனி ஆற்றின் வடகரையிலுள்ள பேலியகொடையிலே, இன்று மீன்சந்தையின் இரைச்சல் ஓயாத அப்பகுதிக்கு அண்மையிலே, கல்யாணி என்ற தனியரசு இருந்தது. அதன் மன்னன் களனிதீசன் ஒரு தேரரைக் கொன்றமையாற் கடல் பொங்கியதும், அவனது மகள் பொற்கலத்தில் விடப்பட்டு உருகுணையில் ஒதுங்கியதும், துட்டகைமுனுவின் தாயானதும் மகாவம்சக் கதை. கதையின் அற்புதங்களை நீக்கிவிட்டு நோக்கினால் எஞ்சுவது, கடலோரச் சிற்றரசொன்று உருகுணையோடு மணவுறவு கொண்டமை. லெஸ்லி குணவர்த்தன 1979இல் வெளியிட்ட சிங்க மக்கள் பற்றிய ஆய்வு சிங்கள இன உணர்வின் வரலாற்று வளர்ச்சியை ஆராய்ந்து, பண்டைய நூல்களிலே இன்றைய அடையாளங்களை ஏற்றிப் பார்க்கும் வழக்கத்தைத் தகர்த்தது. தர்மதாச அதனை மறுத்தெழுதினார். விவாதம் கடுமையாக நடந்தது. அது நடந்ததே எமது ஆய்வுலகுக்கு ஆக்கம்.

அவ்வாறாயின் இனப்போர் என்னும் விளக்கம் எப்போது உருவாகியது? ஜோர்ஜ் ரேணர் 1837இல் மகாவம்சத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிக் குடும்பத்தை நிறுவினார். ஆரிய மொழி என்பது விரைவில் ஆரிய இனமாயிற்று. மொழியை இனமாகக் கொள்ளும் மயக்கத்தை மக்ஸ் முல்லரே 1888இற் கண்டித்தார். ஆயினும் கொழும்பில் வளர்ந்து வந்த மத்தியதர வர்க்கத்தின் காதில் அது விழவில்லை. அரசாங்க உத்தியோகத்துக்கும் வணிகத்துக்கும் போட்டியிட்ட அவ்வர்க்கத்துக்கு ஒரு பழைய பகைவன் தேவைப்பட்டான்.

பேலியகொடையில் 1875இல் நிறுவப்பட்ட வித்தியாலங்காரப் பிரிவேனாவின் வரலாறு இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது. பிக்குகள் அரசியலில் ஈடுபடுதல் முறையே எனும் பிரகடனம் 1946இல் அங்கிருந்து வெளிவந்தது. அவர்களுட் பலர் இடதுசாரிகள், ஏகாதிபத்திய எதிர்ப்பாளர். அதே ஆண்டு வெளிவந்த வல்பொல ராகுலரின் பிக்குவின் மரபுரிமை பற்றிய நூல் பிக்குகள் துட்டகைமுனுவின் படையோடு சென்றதை முன்னுதாரணமாகக் காட்டிற்று. அன்னிய ஆட்சியை எதிர்க்க எடுக்கப்பட்ட அவ்வுதாரணம் பத்தாண்டுகளுக்குள், 1956இல், தனிச்சிங்களச் சட்டத்தை ஆதரித்தோருக்குக் கைகொடுத்தது. முற்போக்கான நோக்கத்துக்குப் பயன்படுத்தினாலும் பழங்கதை தன் பழைய சுமையோடுதான் வருகின்றது. இடதுசாரி இயக்கம் இதற்கு ஈடுகொடுக்கவில்லை.

தமிழ்த் தரப்பில் நிகழ்ந்ததும் இதற்குச் சளைத்ததன்று. எல்லாளன் தமிழ்த் தேசிய வீரனாக்கப்பட்டான். கன்றுக்காகத் தன் மகனைத் தேரூர்ந்த மனுநீதிச் சோழனே அவன் என்றும் எழுதப்பட்டது. பாளிக் காவியமும் தமிழ்க் காவியங்களும் ஒரே கதையைக் கூறுவது உண்மையே. அது ஆளின் அடையாளத்தைவிட, நீதி வழுவா மன்னன் என்ற ஆளும் வர்க்க இலட்சியம் இரு மொழிகளுக்கும் பொதுவாயிருந்ததையே காட்டுகின்றது. கன்றுக்கு நீதி வழங்கியவன் உழவனிடம் எவ்வளவு வரி வாங்கினான் என்பதைப் புலவர் எவரும் பாடவில்லை. மகாவம்சத்தின் 28ஆம் அத்தியாயத் தொடக்கத்திலோ, போரினால் மக்கள் நலிந்துவிட்டனர், தூபிக்கென வரி விதித்தல் தகாது எனத் துட்டகைமுனு எண்ணுவதாக ஒரு செய்தி வருகின்றது. கட்டட வேலையைக் கூலியின்றிச் செய்விக்கலாகாது என்ற கட்டளையும் நூலிலுண்டு. இவ்வளவு அழுத்திச் சொல்ல நேர்ந்ததெனில் வழமை எத்தகையதாய் இருந்திருக்கும் என நாம் ஊகிக்கலாம். இனப்போர் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதிய எமது அறிஞர் இந்த இரு செய்திகளிலும் நின்று நிதானிக்கவில்லை.

வீழ்ந்த எல்லாளனுக்குத் துட்டகைமுனு ஈமக்கடன் செய்து, அவ்விடத்தைக் கடப்போர் வாத்தியம் இசைக்கலாகாதெனப் பணித்தான் என்பதும் மகாவம்சமே கூறுவது. 1818 கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் தப்பியோடிய கண்டிப் பிரதானி பிலிமத்தலாவை, களைத்திருந்தும் பல்லக்கினின்று இறங்கி, எல்லாளன் சமாதியைக் கடந்துவிட்டோம் என்று உறுதியாகும்வரை நடந்தார் என போர்ப்ஸ் 1840இல் வெளியான நூலில் எழுதுகின்றார். நூற்றாண்டொன்று கழிந்தபின் அம்மேட்டைப் பரணவிதான தக்கிண விகாரையின் தூபியாக இனங்கண்டார். அங்கு கிடைத்த சாம்பல் துட்டகைமுனுவினது என்ற கூற்று 1970களின் பிற்பகுதியில் அரச ஆதரவு பெற்றது. அதனை எதிர்த்து ஜேம்ஸ் இரத்தினம் 1981இல் ஒரு சிறு நூல் வெளியிட வேண்டியிருந்தது.