கறுப்புக் கோட்டில் ஓர் அலறல்

ஒஸ்லோவின் பியோர்விக்கா கரையில் 2021இல் திறக்கப்பட்ட முங்க் அருங்காட்சியகத்தில், எட்வர்ட் முங்கின் 'அலறல்' மூன்று வடிவங்களில் இருக்கிறது: ஓவியம், வண்ணக்கோல் சித்திரம், கல்லச்சுப் பிரதி. ஒளி பட்டுக் கெடாதிருக்க ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறந்து வைப்பார்கள். கல்லச்சின் முறை வரும்போது போய்ச் சேரும் நம்மவர் முகம் வாடிவிடும். "கலர்ப் படம் எங்கை?" என்பார்கள். கறுப்பு வெள்ளை என்றால் நகல் என்றொரு எண்ணம் நமக்கு.

அந்த எண்ணத்தோடுதான் என் வழக்கு. 1893இல் வண்ணத்தில் தீட்டியதை 1895இல் முங்க் தானே கறுப்புக் கோடாக்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் பாரிஸின் 'லா ரெவ்யூ பிளான்ஷ்' இதழ் அதை வெளியிட்டது. வண்ண ஓவியத்தில் செம்மஞ்சள் வானமும் கருநீல நீரும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. நிறத்தை எடுத்துவிட்டால் அந்தப் பகை போய்விடும். முங்க் அந்த வேலையைக் கோட்டின் திசையிடம் ஒப்படைத்தார். வானம் கிடையாக நெளிகிறது. பாலம் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் சரிந்து ஓடுகிறது. நடுவே முகம், ஏறக்குறைய வெறும் தாள். ஓவியத்தில் வானம் கத்துகிறது என்றால், கல்லச்சில் அந்த வெள்ளை கத்துகிறது. இது இரண்டாவது படைப்பு.

என் தொழில் கணினி. இதே மாற்றத்தை மென்பொருள் எப்படிச் செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் வண்ணத்தைச் சாம்பலாக்கும்: வழக்கமான சூத்திரத்தில் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 பங்கு. பிறகு வெளிச்சம் சட்டென்று மாறும் இடங்களைத் தேடி அங்கே கோடு போடும். ஜான் கேனி 1986இல் வெளியிட்ட விளிம்பு காணும் முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. அது வித்தியாசத்தை அறியும்; முக்கியத்தை அறியாது.

இதன் விளைவை நம் வீடுகளில் பார்க்கலாம். ஈழத்தவர் ஒருவர் இறந்தால் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு அச்சிடுகிறோம். அதன் அட்டைக்குப் படத்தைக் கோட்டோவியமாக்கித் தரும்படி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஒருமுறை வந்தது ஓர் அம்மம்மாவின் வண்ணப் படம். பொட்டின் சிவப்பு 200, பச்சை 30, நீலம் 30 என்று வையுங்கள். சூத்திரப்படி சாம்பல் 81. அவரது மாநிறத் தோல் 110, 75, 50 என்றால் 83. 255 படிகளில் இரண்டே படி வித்தியாசம். மென்பொருளுக்கு அங்கே பொட்டே இல்லை. ஆனால் சேலைக் கரையின் ஒவ்வொரு பூவுக்கும் கோடு விழுந்திருந்தது. பொட்டில்லாத நெற்றியை எங்கள் ஊர் எப்படி வாசிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவரோ கணவர் இருக்கக் கண்மூடியவர்.

தீர்வு எளிது. சூத்திரத்தை விட்டுவிட்டுப் பச்சை அடுக்கை மட்டும் எடுத்தால் தோல் 75, பொட்டு 30. பொட்டு வந்துவிடும். சேலைப் பூக்களைக் கையால் அழிக்கலாம். ஆனால் பொட்டு வேண்டும், பூக்கள் வேண்டாம் என்று யாரோ ஒருவர் முடிவெடுக்க வேண்டும். அந்த ஒருவருக்கு அம்மம்மாவைத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்தவரிடம் கேட்கும் பொறுமை வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மென்பொருள் என்னைவிட நன்றாகவே தெரியும். நெற்றியில் எதைத் தேடுவது என்பதை நாம்தான் சொல்லிக் கொடுக்கவில்லை.

தமிழில் இந்த முடிவெடுக்கும் கைக்கு நல்ல உதாரணம் கே. எம். ஆதிமூலம். காந்தியை அவர் வரைந்த கோட்டோவியங்களையும், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வரைந்தவற்றையும் எடுத்துப் பாருங்கள். பின்னாளில் வண்ணத்தில் பெரிய அரூப ஓவியங்கள் தீட்டியவர் அவர். வண்ணம் கைவராததால் கோட்டுக்குப் போனவரல்ல. அவர் கோடு முகத்தைச் சுற்றி வேலி கட்டுவதில்லை. தேவையான இடத்தில் தடித்து, மற்ற இடங்களில் தாளையே பேசவிடுகிறது.

இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொட்டைக் கண்டுபிடித்துவிடும் என்பார்கள். கண்டுபிடிக்கலாம். ஆயிரம் முகங்களில் பழகிய கோடு அது, அழகாகவே இருக்கும். அம்மம்மாவின் இடது புருவம் சற்று உயர்ந்திருந்தால் அதைச் சீராக்கியும் தந்துவிடும். பேரப்பிள்ளைகள் நினைவு வைத்திருப்பதோ அந்தப் புருவத்தைத்தான்.

எனவே மலர்களும் கல்வெட்டுகளும் தொகுப்போரிடம் ஒரு வேண்டுகோள். பொத்தானை அழுத்துமுன், அந்த முகத்தில் போகக்கூடாத மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுத முடியவில்லையென்றால் வண்ணப் படத்தையே போட்டுவிடுங்கள்.