துறப்புரையும் அறிவிப்பாளர் வரிசையும்

இமாம் இப்னு ஜரீர் அத்தபரீ (ரஹ்) தமது வரலாற்று நூலின் முன்னுரையில் ஒரு துறப்புரையை எழுதி வைத்தார். வாசகர் ஏற்கத் தகாத செய்தி எதையேனும் அதில் கண்டால், அது தம்மிடம் பிறந்ததன்று, தமக்கு அறிவித்தோரிடமிருந்து வந்தது என்பது அதன் சாரம். இணையதள உரிமையாளர்கள் இன்று நீதிமன்றங்களில் முன்வைக்கும் வாதமும் ஏறக்குறைய இதுவே. ஆனால் ஹிஜ்ரி 310இல் மறைந்த அப்பேரறிஞர், செய்திகளின் தலைப்பில் அறிவிப்பாளர்களைப் பெயர் சொல்லி நிறுத்தினார். யாரை விசாரிப்பது என்பது வாசகருக்குத் தெரிந்திருந்தது. தளங்களோ துறப்பை எடுத்துக்கொண்டு இஸ்னாதை விட்டுவிட்டன.

எஸ்டோனியாவின் டெல்ஃபி வழக்கை நோக்குக. கடல்மேல் அமையவிருந்த பனிப்பாதையை ஒரு படகுப் போக்குவரத்து நிறுவனம் சிதைத்தது பற்றி அச்செய்தித்தளம் 2006 ஜனவரியில் எழுதியது. வந்த 185 பின்னூட்டங்களுள் சுமார் 20, அந்நிறுவனத்தின் முதன்மைப் பங்குதாரரை மிரட்டியும் இழித்தும் எழுதப்பட்டவை. ஆறு வாரங்கள் அவை அப்படியே கிடந்தன. வழக்கறிஞரின் கோரிக்கை வந்த அன்றே தளம் அவற்றை நீக்கியது உண்மைதான். எனினும் தளத்தையே பொறுப்பாக்கிய தீர்ப்பு கருத்துரிமையை மீறவில்லை என்று 2015 ஜூன் 16 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரு ஆயம் 15க்கு 2 என்ற பெரும்பான்மையில் முடிவு செய்தது.

தளத்தார் தம்மை வெறும் அஞ்சல்காரராகக் காட்டினர். எழுதியவரே பின்னர் தம் சொற்களைத் திருத்தவோ அழிக்கவோ அத்தளத்தில் வழியில்லை. அந்த அதிகாரம் உரிமையாளரிடம் மட்டுமே இருந்தது. பின்னூட்டங்கள் பெருகுவதில் அவருக்கு வருவாய் நலனும் இருந்தது. இத்தகைய அஞ்சல்காரரை நாம் கண்டதில்லை!

தீர்ப்பில் குறையும் உண்டு. முறையீடு வருமுன்னரே நீக்கியிருக்க வேண்டும் என எதிர்பார்த்தால், அஞ்சிய உரிமையாளர் நியாயமான கண்டனத்தையும் சேர்த்தே அழிப்பார். அதே ஆண்டு மார்ச்சில் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் நேர்மாறாக, நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ கிடைத்த பின்னரே நீக்கும் கடமை எழும் என்றது. செல்வாக்குள்ளோரின் ஒரு கடிதத்தால் எளியோர் குரல் அடங்காமல் காக்கும் அரண் அது. அவதூறுக்கு ஆளான எளியோரை நீதிமன்றப் படிக்கட்டில் காத்திருக்க வைப்பதும் அதுவே.

பெயரை ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை; அநீதியை எடுத்துரைப்போருக்கு மறைவு சில வேளை உயிர்க்காப்பு. ஆனால் நீதிமன்றம் கேட்கையில் எழுதியவரைக் காட்ட இயலாதவாறு தன்னை அமைத்துக்கொண்ட தளம், அந்த முப்ஹமான அறிவிப்பாளரின் இடத்தில் தானே அமர வேண்டும் என்பதே நம் கருத்து. எல்லாச் சொல்லுக்கும் அன்று: வெறுப்பும் மிரட்டலும் இல்லாத கடுஞ்சொற்களுக்குத் தளத்தைப் பொறுப்பாக்கியது தவறு என 2016இல் ஹங்கேரி வழக்கொன்றில் அதே நீதிமன்றம் வரம்பிட்டது.