காலக்கணக்காகும் குறிஞ்சி: ‘குறிஞ்சித்தேன்’ நாவலில் கருப்பொருளின் இடம்

முன்னுரை

உலகில் அழிவை எதிர்நோக்கும் பல்லுயிர்ச் செறிவிடங்களாக 36 பகுதிகள் வரையறுக்கப்பட்டுள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் இணைந்த நிலப்பகுதி அவற்றுள் ஒன்று. வேறெங்கும் காணப்படாத தாவர இனங்கள் 1,500 ஆவது இருத்தல், இயற்கைத் தாவரப் போர்வையில் 30 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ எஞ்சியிருத்தல் என்பன அதற்கான அளவுகோல்கள். இரண்டாம் அளவுகோல் சுட்டும் இழப்பினை நீலகிரிப் படகர் வாழ்வினூடாகக் காண இடமளிப்பது, 1963இல் வெளிவந்த ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’. இனவரைவியல் நாவலாகப் போற்றப்படும் இப்படைப்பைச் சூழலியல் நோக்கில் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூப்பும் காலமும்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சியே இந்நாவலின் காலக்கணக்கு. மாந்தர்தம் வளர்ச்சியும் தளர்ச்சியும் அதன் பூப்புகளால் அளக்கப்படுகின்றன. சோலைக்காடுகளை அடுத்த மலைப்புல்வெளியில் வளரும் இச்செடி, ஒருமுறை பூத்து விதை ஈன்றபின் மடிந்துவிடும். அடுத்த பூப்பு, மண்ணில் வீழ்ந்த விதையை நம்பியே உள்ளது. இடைப்பட்ட காலத்தில் அச்சரிவு திருத்தப்பட்டுத் தோட்டமாகிவிடின் அங்குக் குறிஞ்சி இல்லை. மரமற்ற புல்வெளியைத் தரிசெனக் கருதிய காலனிய நிலக்கொள்கையால், தேயிலையும் கற்பூர மரமும் சீகை மரமும் அங்கெல்லாம் பரவின. ஆகவே, நாவல் எம்மாற்றத்தை எடுத்துரைக்கிறதோ அம்மாற்றமே அதன் காலக்கணக்கையும் அழிக்கவல்லது.

நாவலின் வலிமையும் வரம்பும்

சாமையும் ராகியும் விளைந்த நிலத்தில் பணப்பயிரை நாடுவோர் அம்மண்ணின் உழவரே என்பதை நாவல் மறைக்கவில்லை. ‘மனிதச் செயற்பாடு’ என அறிக்கைகள் பொதுமையாகக் கூறுவதற்குப் பின்னுள்ள ஆசையையும் நெருக்கடியையும் அது தனித்தனி மனிதர்களிடம் காட்டுகிறது. இஃது அதன் வலிமை. எனினும், அம்மாற்றம் ஜோகி, ரங்கன் ஆகியோரின் அறமுரணாகவே பெரிதும் உருப்பெறுகிறது. நிலத்தின் இழப்பு, உறவின் இழப்பைப் புலப்படுத்தும் பின்னணியாகச் சுருங்கிவிடுகிறது.

முடிவுரை

பாடலுள் முதல், கரு ஆகியவற்றினும் உரிப்பொருளே சிறந்தது என்பது தொல்காப்பிய நெறி. கருப்பொருள் என்றும் நிலைத்திருக்கும் என்னும் நம்பிக்கை அந்நெறிக்கு அடிப்படையாக உள்ளது. இன்று அந்நம்பிக்கைக்கு இடமில்லை. எனவே, குறிஞ்சியைக் குறியீடாக மட்டும் காணாது, வாழிடமும் வாழ்க்கைச் சுழற்சியும் உடைய செடியாகவும் கண்டு இந்நாவலை மீள்வாசிப்புச் செய்தல் வேண்டும். திணைக்கோட்பாட்டைச் சூழலியலோடு இணைக்க முற்படும் ஆய்வுகள் தொடங்கவேண்டிய இடமும் அதுவே.